வெள்ளியில் எழுதிய முகங்கள்: தமிழர் திருமணப் படம் கடந்து வந்த பாதை

கல்லில் தன் பெயரைக் காணும் பேறு எல்லாருக்கும் வாய்த்ததில்லை. காஞ்சிபுரத்தை அடுத்த தென்னேரிக்குச் செல்வோர் கடல்போல் விரிந்த ஏரியொன்றைக் காண்பர். தொண்டை மண்டலத்தை ஆண்ட திரையனின் பெயரால் 'திரையனேரி' என வழங்கியதே நாளடைவில் தென்னேரி என மருவியது என்பர். அவ்வூர்ப் பழங்கோயிலில் சோழர் காலக் கல்வெட்டுகள் உள்ளன. அதே வட்டாரத்து உத்திரமேரூரில், ஊர்ச்சபைக்குக் குடவோலையால் உறுப்பினரைத் தெரிந்தெடுத்த முறையை முதலாம் பராந்தகன் காலத்துக் கல்வெட்டுகள் (919, 921) விரித்துரைக்கின்றன. மன்னன் பெயர் நமக்குத் தெரியும். கொடை கொடுத்தவர் பெயரும் தெரியும். ஆனால், ஏரிக்கு மண் சுமந்தவர் யார்? காஞ்சியின் தறிகளில் காலமெல்லாம் அமர்ந்தவர் யார்? அவர் கைப்பிடித்த மனைவியின் முகம் எப்படியிருந்தது? இவற்றுக்குக் கல் விடை கூறாது.

எளிய குடும்பத்தின் முகத்துக்கும் வரலாற்றில் ஓரிடம் தந்த பெருமை நிழற்படத்தையே சாரும். நம் பாட்டன் பாட்டியர் பலருக்கு அவர்களுடைய திருமணப் படமே வாழ்நாளில் எடுத்த முதற்படம். சிலருக்கு அதுவே ஒரே படம். அந்த ஒரு படத்துக்காக அவர்கள் எவ்வளவு எண்ணினார்கள், எப்படி ஆயத்தமானார்கள் என்பதை அறிந்தால், ஒரே நாளில் ஆயிரக்கணக்கான படங்களை எடுத்துக் குவிக்கும் நமக்கு அதில் ஒரு பாடம் உண்டு. அப்பாடத்தைத் தேடிச் செல்வதே இக்கட்டுரையின் நோக்கம்.

பிறர் எடுத்த படமும் தாமே எடுப்பித்த படமும்

1839-ஆம் ஆண்டில் பாரிசு நகரில் டாகர் என்பாரின் நிழற்பட முறை உலகுக்கு அறிவிக்கப்பட்டது. ஓரிரு ஆண்டுகளிலேயே அப்புதுமை இந்தியக் கரையை எட்டிற்று. மருத்துவர் அலெக்சாண்டர் ஹண்டர் 1850-இல் கலைப்பள்ளி தொடங்கிய சென்னையில், 1856-இல் நிழற்படக் கழகமும் உருவாயிற்று. ஆங்கிலேயப் படை அதிகாரியான லின்னேயஸ் டிரைப், சென்னை மாகாண அரசின் நிழற்படக்காரராக அமர்ந்து, 1858-இல் மதுரை, திருச்சி, தஞ்சை முதலிய ஊர்களைப் படம் பிடித்தார். தஞ்சைப் பெரிய கோயிலின் அடித்தளக் கல்வெட்டுகளைப் பகுதி பகுதியாக எடுத்து, அவற்றை ஒட்டி நீண்ட ஒரே படமாக்கியது அவர் செய்த அரும்பணி. கல்லெழுத்தும் ஒளியெழுத்தும் தமிழ் மண்ணில் அன்று கைகோத்தன எனலாம்.

ஆயினும், அந்த நாளில் தமிழ் மக்களை நோக்கிய கேமரா பெரும்பாலும் அவர்களை ஆள வந்தவர் கையிலிருந்த கேமராவே. சென்னை அருங்காட்சியகத்தின் பொறுப்பாளராயிருந்த எட்கர் தர்ஸ்டன், க. ரங்காச்சாரியின் துணையுடன் 1909-இல் தென்னிந்தியக் குலங்களையும் பழங்குடிகளையும் பற்றி ஏழு தொகுதிகளை வெளியிட்டார். மக்களின் தலையையும் மூக்கையும் கருவி கொண்டு அளந்தவர் அவர். அத்தொகுதிகளில் உள்ள படங்களில் முகங்கள் உண்டு. முகத்துக்குரியவரின் பெயர் பெரும்பாலும் இல்லை. குலத்தின் பெயரே அங்கே மனிதனின் பெயராயிற்று.

இந்தப் பின்னணியில் பார்க்கும்போதுதான், தமிழ்க் குடும்பம் ஒன்று தன் விருப்பப்படி ஸ்டூடியோவுக்குள் நுழைந்ததன் பொருள் விளங்கும். சென்னையில் நிக்கலஸ், வீலே–கிளைன் போன்ற ஐரோப்பியர் நிறுவனங்கள் முதலில் தோன்றின. பின்னர் நம்மவரும் அத்தொழிலைக் கற்றனர். கும்பகோணம் நல்லபிள்ளை ஸ்டூடியோவைப் போல மாவட்ட ஊர்களிலும் பெயர் பெற்ற கூடங்கள் எழுந்தன. என்ன உடுத்துவது, யார் அருகில் நிற்பது, கையில் எதை ஏந்துவது என்பதையெல்லாம் குடும்பமே தெரிவு செய்தது. அளந்து பார்க்கப்படும் பொருளாயிருந்த மனிதன், தன்னை இன்னாரென்று தானே அறிவிக்கும் நிலைக்கு உயர்ந்தான். திருமணப் படத்தின் வேர் இந்தத் தெரிவில் இருக்கிறது.

அசைந்துவிட்ட அரசி

தொடக்க காலத்தில் திருமண நிகழ்ச்சியைப் படம் பிடிப்பது எங்குமே இயலாத செயல். விக்டோரியா அரசி 1840 பிப்ரவரி 10-ஆம் நாள் மணமுடித்தபோது படமேதும் எடுக்கப்படவில்லை. 1854-இல் அவரும் கணவர் ஆல்பர்ட்டும் அரசவை உடையில் ரோஜர் ஃபென்டன் முன் நின்ற படங்களை மணநாள் படங்களென்று இன்றும் பலர் மயங்குவதுண்டு. 1858 சனவரி 25-இல் அவர்தம் மூத்த மகளின் திருமணம் நடந்தது. அன்று தேவாலயத்துக்குப் புறப்படுமுன் பெற்றோரும் மணமகளும் கேமராவின் முன் நின்றனர். தாயின் உள்ளம் நடுங்கியது, உடலும் அசைந்தது, அரசியின் முகம் தெளிவின்றிப் பதிவாயிற்று. உலகின் பாதியை ஆண்டவராலும் சில நொடிகள் அசையாதிருக்க இயலவில்லை!

அசையாமை அன்று அத்துணை இன்றியமையாததாயிருந்தது. 1851-இல் ஆர்ச்சர் கண்ட ஈரத் தகட்டு முறையில், தகடு ஈரமாயிருக்கும்போதே படமெடுத்துக் கழுவியாக வேண்டும். உட்கார்ந்தவர் பல நொடிகள் சிலைபோல் இருந்தாக வேண்டும். தலை ஆடாதிருக்க, பின்புறம் இரும்புத் தாங்கி ஒன்றை மறைவாக வைப்பர். பழைய படங்களில் எவரும் சிரிப்பதில்லையே என்று நாம் வியப்பதற்கு இதுவும் ஒரு காரணம். படமெடுத்தால் ஆயுள் குறையும் என்ற அச்சமும் நம் மக்களிடையே நெடுநாள் நிலவியதால், முகத்தில் கலக்கமும் கலந்து நின்றது.

கோயிலுக்குள்ளும் திருமணப் பந்தலுக்குள்ளும் அன்றைய கேமராவுக்குப் போதிய ஒளியில்லை. மக்னீசியத் தூளைப் பற்றவைத்து வெளிச்சம் உண்டாக்கும் முறை 1880-களின் இறுதியில்தான் வழக்குக்கு வந்தது. அது எரிந்தால் கூடம் முழுவதும் புகை சூழும். 'புகைப்படம்' என்னும் சொல் அப்புகையால் வந்ததென்று கூறுவாரும் உளர். ஆகவே, தாலி கட்டும் வேளையைப் படமாக்க எவரும் எண்ணவில்லை. சடங்கு முடிந்தபின், அன்றோ மற்றொரு நாளோ, மணமக்கள் அதே பட்டுடுத்தி ஸ்டூடியோவுக்குச் சென்றனர். வசதியுள்ள வீட்டார் நிழற்படக்காரரை முற்றத்துக்கு வரவழைத்தனர். திருமணம் வேறு, படம் வேறு என்றிருந்தது. ஒன்று மற்றொன்றின் வேளையைப் பறித்துக்கொள்ளவில்லை.

ஸ்டூடியோவுக்குச் செல்லும் நாள்

படமெடுக்கும் நாள் குடும்பத்துக்கு ஒரு திருநாள். ஸ்டூடியோவின் பின்புறம் மாளிகைத் தூண்களும் படிக்கட்டும் தீட்டிய திரை தொங்கும். முன்னால் உயரமான முக்காலியில் பூச்சாடி இருக்கும். பெரியவர்கள் நடுவில் நாற்காலிகளில் அமர்வர்; மணமக்கள் அவர்களை அடுத்திருப்பர்; இளையவர் பின்னே நிற்பர்; சிறுவர் முன்னே விரிப்பில் உட்காருவர். இந்த வரிசையே ஒரு குடும்ப இலக்கணம். யார் மூத்தவர், யார் வழி உறவு, யாருக்கு எந்த மதிப்பு என்பதை எழுத்தறியாதவரும் அதில் படித்துக்கொள்ளலாம்.

பூத்தைத்துச் சடை அலங்கரித்த பெண்ணைப் படமெடுக்கும்போது, பின்னால் ஒரு நிலைக்கண்ணாடியை வைத்து, முகமும் சடையும் ஒரே படத்தில் விழும்படி செய்தது தமிழ் நிழற்படக்காரரின் தனித்திறன். கத்தோலிக்க இல்லங்களில் புதுநன்மை வாங்கிய பிள்ளையை வெள்ளுடையும் கையில் மெழுகுதிரியுமாக நிறுத்தி எடுத்த படமும், அதற்கடுத்து மணக்கோலப் படமும் சுவரில் அருகருகே தொங்குவதை நாம் கண்டிருக்கிறோம். இலங்கைக்கும் பர்மாவுக்கும் மலேயாவுக்கும் பிழைக்கப் போனவர்க்கு ஊரிலிருந்து கடிதத்தோடு படமும் சென்றது. பெண் பார்க்க நேரில் வர இயலாத மாப்பிள்ளைக்குப் படமே தூது சென்றது.

பட்டுநகரமாம் காஞ்சிக்கும் நிழற்படத்துக்கும் இடையே ஒரு விந்தையான முரண்பாடு இருந்தது. தொடக்க காலத் தகடுகள் நீல ஒளியை மட்டுமே நன்கு உணரும், சிவப்பை உணரா. அதனால்தான் இருட்டறையில் சிவப்பு விளக்கை ஏற்றி வைத்து நிழற்படக்காரர் அச்சமின்றிப் பணி செய்தார். ஆனால், மணப்பெண் உடுத்துவதோ அரக்கு நிறப் பட்டு! தகட்டுக்கு அது வெறும் இருட்டு. கோர்வை முறையில் உடலும் கரையும் வேறுவேறு நிறமாக நெய்து, தறிக்காரர் வாரக்கணக்கில் உழைத்துப் படைத்த அழகு, படத்தில் ஒரே கருமையாய் ஒடுங்கிற்று. நீலப் புடவையோ வெளிறித் தோன்றிற்று. எல்லா நிறங்களையும் உணரும் தகடுகள் 1906 முதல் விற்பனைக்கு வந்தன. நம் ஊர்களில் அவை பரவக் காலம் பிடித்தது. அதுவரை, அனுபவமுள்ள நிழற்படக்காரர் எந்த நிறம் எப்படி விழும் என்பதை முன்கூட்டியே எடுத்துச் சொன்னார். படம் அச்சானபின் தூரிகையால் உதட்டுக்கும் புடவைக்கும் வண்ணம் தீட்டிக் கொடுத்தவரும் உண்டு. ஆயத்தம் என்பது இருதரப்பினரும் சேர்ந்து செய்த வேலை.

படத்தில் இடம்பெறாதவர்

பழைய படங்களைப் புகழும்போது அவற்றின் குறையையும் மறைத்தலாகாது. யார் அமர்ந்திருக்கிறார்கள் என்று காட்டும் படம், யார் அங்கே இல்லை என்பதையும் காட்டுகிறது. கணவனை இழந்த தாய், தான் பெற்ற மகளின் திருமணப் படத்தில் நிற்காமல் ஒதுங்கியது நம் சமூகத்தின் பெருங்கொடுமை. மங்கல வேளையில் அவள் முகம் படக்கூடாது என்று பிறர் சொல்லுமுன்பே, அவளே அடுக்களைக்குள் மறைந்துகொள்வாள். கிறிஸ்தவ இல்லங்களும் இவ்வழக்கத்திலிருந்து முற்றும் விடுபட்டிருந்தன என்று நெஞ்சில் கைவைத்துக் கூற முடியுமா? நயீன் ஊர்க் கைம்பெண்ணின் கண்ணீரைக் கண்டு மனமிரங்கியவரை வழிபடும் நாம், நம் வீட்டுக் கைம்பெண்ணைப் படத்திலிருந்து விலக்கி நிறுத்தியது பொருந்துமா?

வேறொரு குறையும் உண்டு. பொருள் இல்லாதவர் வீட்டில் படமே இல்லை. இறந்தபின்னராவது ஒரு படம் இருக்கட்டும் என்று, உயிர் நீத்தவரை நாற்காலியில் அமர்த்தி, உறவினர் சூழ நின்று எடுத்த படங்கள் தமிழ்நாட்டில் பல. வாழ்ந்த நாளில் எடுக்காத படத்தைச் சாவின் நாளில் எடுத்த அந்த ஏக்கத்தை நாம் எளிதாக எண்ணிவிடக் கூடாது.

பன்னிரண்டிலிருந்து பல்லாயிரம்

விடுதலைக்குப் பின் நிழற்படம் மெல்ல மெல்ல எளியோர் கைக்கும் எட்டிற்று. உதகமண்டலத்தில் 1960-இல் நிறுவப்பட்ட இந்துஸ்தான் போட்டோ பிலிம்ஸ், 1967-இல் உற்பத்தியைத் தொடங்கி, 'இந்து' என்னும் பெயரில் பிலிமும் அச்சுத்தாளும் விற்றது. இந்தியாவிலேயே செய்யப்பட்ட அக்ஃபா கிளிக்-3 கேமரா பல நடுத்தரக் குடும்பங்களின் முதற் கேமராவாயிற்று. அதில் ஒரு சுருளுக்குப் பன்னிரண்டு படங்கள். பிலிமும் கழுவுகூலியும் செலவென்பதால், ஒவ்வொரு முறை பொத்தானை அழுத்துமுன்னும் எண்ணிப் பார்த்தனர். திருமணத்துக்கு வரும் நிழற்படக்காரரிடமும், எத்தனை படம், யார் யார், எந்தச் சடங்கு என்று முன்னதாகவே பேசி முடித்தனர்.

1980-களில் வண்ணப் படமும், அதையடுத்து வீடியோவும் திருமண வீட்டை நிறைத்தன. அரக்குப் பட்டு தன் நிறத்திலேயே ஒளிர்ந்தது. ஆனால், அதற்கொரு விலையும் இருந்தது. கருப்பு-வெள்ளைப் படம் வெள்ளியாலானது. நன்கு கழுவப்பட்டால் நூறாண்டு தாங்கும். வண்ணப் படமோ சாயத்தாலானது. அக்காலத்துப் படங்கள் பல, பெட்டிக்குள் இருந்தபடியே நீலமும் பசுமையும் குன்றிச் செம்மை பாரித்துவிட்டன. ஒட்டும் தாள் கொண்ட ஆல்பங்கள் பல படங்களைப் பிரிக்க இயலாதபடி கெடுத்தன. வீடியோ நாடாக்களை ஓட்டிப் பார்க்கும் பெட்டிகளே இன்று வீடுகளில் இல்லை.

கோடாக் நிறுவனப் பொறியாளர் ஸ்டீவன் சாசன் 1975-இலேயே பிலிம் இல்லாத கேமரா ஒன்றைச் செய்து காட்டினார். அவ்வழியில் வந்த டிஜிட்டல் கேமரா உலகெங்கும் பரவியபோது, கோடாக் நிறுவனமே 2012 சனவரியில் திவால் காப்புக் கோரி நீதிமன்றம் சென்றது. உதகை ஆலையும் மூடப்பட்டது. சிற்றூர்களின் இருட்டறைகளில் சிவப்பு விளக்குகள் அணைந்தன. இன்று ஒரு திருமணத்துக்கு இருவர் மூவர் கேமராவோடு வருகின்றனர். வானில் டிரோன் பறக்கிறது. திருமணத்துக்கு முன்பே கடற்கரையிலும் மலையிலும் மணமக்களை நிறுத்திப் படமெடுக்கும் வழக்கமும் வந்துவிட்டது. எண்ணிக்கை பெருகிவிட்டது. எண்ணிப் பார்ப்பது குறைந்துவிட்டது.

பீடத்தருகே கேமரா

இங்கே நம் திருமணச் சடங்கைப் பற்றிச் சிறிது சிந்திப்போம். மறைவாகச் செய்யப்பட்ட திருமணங்களால் விளைந்த கேட்டைக் களைய, திரிதெந்து பொதுச்சங்கம் 1563-இல் ஒரு சட்டம் வகுத்தது. பங்குக்குருவும் இரண்டு அல்லது மூன்று சாட்சிகளும் முன்னிலையில் திருமணம் நடைபெற வேண்டும். மணமக்கள் பெயரையும் சாட்சிகளின் பெயரையும் நாளையும் இடத்தையும் பங்குக்குரு ஏட்டில் பதிய வேண்டும். ஓலை வாசித்தலும் திருமணப் பதிவேடும் நம் பங்குகளில் வழிவழியாக நிலைத்தது இவ்வாறே. இருவரின் மனமொத்த சம்மதமே திருமணத்தை ஆக்குகிறது என்பது திருச்சபைச் சட்டம். தாலியும் மோதிரமும் மாலையும் அச்சம்மதத்தைச் சூழ்ந்து நிற்கும் அடையாளங்கள்.

நிழற்படமும் ஒரு வகைச் சாட்சியே. ஆனால், சாட்சி நிகழ்ச்சியைக் காண வந்தவர். அதை நடத்த வந்தவரல்லர். சம்மதத்தை வாய்விட்டுக் கூறும் வேளையில், 'இந்தப் பக்கம் பாருங்கள்' என்று ஒரு குரல் எழுந்து, மணமகனின் பார்வை மணமகளிடமிருந்து விலகுமானால், சாட்சி தன் வேலையை மறந்துவிட்டார் என்று பொருள். தாலியைக் கட்டிய பின், படத்துக்காக மீண்டும் கட்டுவதுபோல் கைகளை நிறுத்தச் சொல்வதும் சில இடங்களில் நடக்கிறது. இது இன்று தோன்றிய சிக்கலன்று. நற்கருணை மறைபொருள் பற்றி உரோமையிலிருந்து 1967 மே 25-இல் வெளிவந்த போதனை ஏடு, வழிபாட்டு நிகழ்ச்சிகள், குறிப்பாகத் திருப்பலி, படமெடுப்பதால் குலையாதபடி மிகுந்த கவனம் வேண்டுமென்றும், தக்க காரணமிருப்பின் மிகுந்த அடக்கத்தோடு, ஆயர் வகுத்த நெறிகளின்படி எடுக்க வேண்டுமென்றும் கூறியுள்ளது. மின்னும் பிளாஷும் நகரும் விளக்குகளும் பெருகுமுன்னரே இவ்வறிவுரை வந்தது எண்ணத்தக்கது.

வெள்ளிக்காக அழிந்தவை

காஞ்சிப் பட்டின் சரிகையும் பழைய நிழற்படமும் ஒரு வகையில் உடன்பிறப்புகள். பட்டு நூலின் மேல் வெள்ளி இழையைச் சுற்றிப் பொன்முலாம் பூசியது சரிகை. கண்ணாடியிலும் தாளிலும் வெள்ளித் துகள் படிந்து உருவானது நிழற்படம். இரண்டுக்கும் நேர்ந்த முடிவும் ஒன்றே. பாட்டியின் முகூர்த்தப் புடவை நைந்தபின், தெருவில் வரும் பழம்பட்டு வாங்குவோரிடம் எடைக்கு விற்கப்படுகிறது. அவர் சரிகையை உருக்கி வெள்ளியைப் பிரிக்கிறார். மூடப்பட்ட ஸ்டூடியோக்களின் கண்ணாடித் தகடுகளும் அவ்வாறே வெள்ளிக்காகச் சுரண்டப்பட்டன. பாட்டியின் புடவையும் போயிற்று. அதை உடுத்தி அவள் நின்ற தோற்றமும் போயிற்று.

எஞ்சியவற்றையேனும் காக்க முயன்றவர் உண்டு. 1955-இல் தொடங்கப்பெற்ற புதுச்சேரி பிரெஞ்சு ஆய்வு நிறுவனத்தின் ஆய்வாளர், பிரித்தானிய நூலகத்தின் அழிநிலை ஆவணக் காப்புத் திட்டத்தின் உதவியுடன், இந்த நூற்றாண்டில் தமிழ்நாட்டின் பழைய ஸ்டூடியோக்களைத் தேடிச் சென்று, ஆயிரக்கணக்கான குடும்பப் படங்களை டிஜிட்டல் வடிவில் பதிவு செய்துள்ளனர். மண்டபமும் மாளிகையும் மட்டுமே வரலாறல்ல, மணக்கோலமும் வரலாறே என்பதை இம்முயற்சி ஏற்றுக்கொண்டது.

ஒரு படத்தைப் பேணுவதால் விளையும் நன்மைக்குக் கணிதமேதை இராமானுசனே சான்று. அவர் 1920-இல் மறைந்தார். 1936-இல் கேம்பிரிட்ஜ் பேராசிரியர் ஹார்டி அவரைப் பற்றிய சொற்பொழிவுகளுக்கு ஆயத்தமானபோது, அவருடைய நல்ல படம் ஒன்றும் கிடைக்கவில்லை. அவ்வாண்டு தாயகம் வந்த வானியல் அறிஞர் சு. சந்திரசேகர், சென்னையில் இராமானுசனின் துணைவியார் ஜானகி அம்மாளைச் சந்தித்துக் கேட்டார். கணவர் 1919-இல் தாயகம் திரும்பியபோது பெற்ற கடவுச்சீட்டை அந்த அம்மையார் பதினாறு ஆண்டுகளுக்கு மேலாகக் காத்து வைத்திருந்தார். அதிலிருந்த சிறு படத்திலிருந்தே, ஆழ்ந்து நோக்கும் அந்தக் கண்களை உலகம் இன்று அறிகிறது. எளிய வாழ்வு வாழ்ந்த ஒரு கைம்பெண்ணின் பெட்டி, பெரிய நூலகங்களில் கிடைக்காததைக் கொடுத்தது.

ஜப்பானில் 2011 மார்ச்சு 11-ஆம் நாள் ஆழிப்பேரலை ஊர்களை விழுங்கியது. அதன்பின் தொண்டர்கள் சேற்றிலிருந்து இலட்சக்கணக்கான படங்களைப் பொறுக்கியெடுத்து, நீரில் அலசி, உலர்த்தி, உரியவரிடம் சேர்க்க உழைத்தனர். வீடும் பொருளும் இழந்தவர்கள் முதலில் தேடியவற்றுள் குடும்பப் படமும் ஒன்று. 2004 திசம்பர் 26-இன் பேரலையையும், 2015-இன் பெருவெள்ளத்தையும் கண்ட சென்னை, காஞ்சிபுரம் மக்களுக்கு இதன் பொருளை எவரும் விளக்க வேண்டியதில்லை.

தெரிவும் ஆயத்தமும்

வரலாறு கூறும் இவற்றிலிருந்து, திருமணம் நிச்சயித்த வீட்டார் எதை எடுத்துக்கொள்ளலாம்?

முதலாவது, நிழற்படக்காரரின் தெரிவு. ஒவ்வொரு திருமணத்திலிருந்தும் பொறுக்கியெடுத்த அழகிய படங்களை எவரும் காட்டக்கூடும். ஒரே திருமணத்தின் முழு ஆல்பத்தையும் காட்டச் சொல்லிப் பார்த்தால்தான் அவருடைய நிதானம் விளங்கும். அதில் பெரியவர்கள் இருக்கிறார்களா, குழந்தைகள் இருக்கிறார்களா, பந்தியில் பரிமாறியவர் இருக்கிறாரா என்று பாருங்கள். மேடையிலுள்ள இருவரை மட்டும் கண்ட கண், குடும்பத்தைக் காணாத கண். நம் திருமணச் சடங்கின் ஒழுங்கை அவர் அறிந்தவரா என்றும் கேளுங்கள். அறியாதவராயின், பங்குத்தந்தையை முன்னதாகச் சந்திக்கச் செய்து, எங்கே நிற்கலாம், எப்போது அசையலாகாது, பிளாஷ் எப்போது கூடாது என்பதைத் தெளிவாக்கிக்கொள்வது இருவருக்கும் நல்லது.

இரண்டாவது, பெயர்ப்பட்டியல். அன்று ஸ்டூடியோ நாற்காலிகளின் எண்ணிக்கையே குடும்பத்தைச் சிந்திக்க வைத்தது. இன்று அந்தக் கட்டுப்பாடு இல்லாததால், நாமே அதை வகுத்துக்கொள்ள வேண்டும். யார் யார் கட்டாயம் படத்தில் இருக்க வேண்டும் என்று எழுதி, உறவினரை அறிந்த ஒருவரிடம் கொடுத்துவிடுங்கள். நடக்க இயலாத பாட்டியைக் கூட்டம் பெருகுமுன் அமர்த்துங்கள். அப்பட்டியலில் கணவனை இழந்த தாயின் பெயரோ அத்தையின் பெயரோ விடுபட்டிருந்தால், அதை முதலில் எழுதுங்கள். அவரை நடுவில் அமர்த்தி எடுக்கும் ஒரு படம், பல மேடைப் பேச்சுகள் செய்யாத சீர்திருத்தத்தைச் செய்துவிடும்.

மூன்றாவது, செலவின் அளவு. திருமணக் கடனால் நலிந்த குடும்பங்கள் நம்மிடையே ஏராளம். கடன் வாங்கி எடுத்த படத்தில் தந்தையின் முகத்தில் தெரியும் கவலையை எந்தக் கருவியாலும் அழிக்க முடியாது. நன்கு எடுத்த நூறு படங்கள் ஒரு குடும்பத்துக்குப் போதும்.

நான்காவது, பேணுதல். எடுத்ததோடு வேலை முடிந்துவிடுவதாக எண்ணுகிறோம். உண்மையில் அப்போதுதான் தொடங்குகிறது. கைப்பேசியில் மட்டும் இருக்கும் படம், கைப்பேசியோடு போகும். கோப்புகளை ஒன்றுக்கு மேற்பட்ட இடங்களில், ஒன்றை வேறொரு வீட்டில், சேமித்து வையுங்கள். சிறந்த படங்களைத் தாளில் அச்சிடுங்கள். பின்புறம் மென்மையான பென்சிலால், இடமிருந்து வலமாகப் பெயர்களையும் ஊரையும் ஆண்டையும் எழுதுங்கள். ஈரமும் இராமபாணப் பூச்சியும் கரையானும் அணுகாத இடத்தில் வையுங்கள். பெயரற்ற படம் இரண்டு தலைமுறையில் அநாதையாகிவிடும்; தர்ஸ்டனின் தொகுதியிலுள்ள பெயரில்லா முகங்களுக்கும் அதற்கும் வேறுபாடு இராது.

ஏற்கெனவே உங்கள் வீட்டிலுள்ள பழைய படங்களுக்கும் இதே கடமை உண்டு. அவற்றில் இருப்போரின் பெயரைச் சொல்லக்கூடிய முதியவர் ஒருவரேனும் இன்னும் நம்மோடு இருக்கக்கூடும். வரும் ஞாயிறு பிற்பகலில் அவர் அருகே அமர்ந்து, ஆல்பத்தைத் திறந்து, ஒவ்வொரு முகமாகக் காட்டிக் கேளுங்கள். அவர் சொல்லும் பெயரை உடனே எழுதிக்கொள்ளுங்கள். ஏரிக்கு மண் சுமந்தவரின் பெயரைக் கல் மறந்தது. தறியில் அமர்ந்த தாத்தாவின் பெயரையும், அவர் கைப்பிடித்த பாட்டியின் பெயரையும் நாம் மறக்கலாகாது.